எவ்வளவு அசதி?

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி வேலந்தாவளத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் வந்த இரண்டாம் வருடம், ஒரு கண் மங்கலாகிச் சில வாரங்களில் தானாகத் தெளிந்தது. எல்லோரும் அதை மறந்த பிறகு அசதி வந்தது. வேலை செய்து வருகிற அசதி அல்ல. தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்திருக்கும். வெயில் ஏற ஏற வீடும் மாடும் பனைமரங்களும் தண்ணீருக்கு அடியில் போனதுபோல நெளியும். யாரோ கூப்பிடுவது கேட்கும், பதில் சொல்ல வாய் வராது. நான் பிடித்திருக்கும் முறம் வேறொருத்தி கையில் இருப்பதுபோலத் தோன்றும்.

கணவர் கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"எந்நேரமும் அசதின்னு படுத்துக்கறாளுங்க."

"எவ்வளவு அசதியா இருக்கும்மா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் துணிப்பையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். காலை நேரம், குளிர்ந்த அறை. பாதரசம் நன்றாகவே ஏறியது. "பலம் குறையல" என்றார். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போகும் நோயாக இருக்கலாம், போகப்போகத்தான் உறுதியாகும் என்று இங்கிலீஷில் ஒரு நீளப் பெயரும் சொன்னார். வீடு வந்து சேர்ந்தது அந்தப் பெயர் அல்ல. பலம் குறையவில்லை என்ற சொல்தான்.

"கையில பலமிருக்குதாமே அம்மிணி" என்று என் மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பின் அத்தை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எங்கே நின்றாலும் அந்தப் பார்வை முதுகில் சுட்டது.

அடுத்த முறை டாக்டரிடம் போகவேண்டிய நாளில் தோட்டத்தில் கடலைக்காய் பறிப்பு. கணவரால் வரமுடியாமல் அத்தை வந்தார். சித்திரை வெயிலில் பஸ் ஊர்ந்து, உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் மறுபடி துணிப்பையைக் கொடுத்தார். பாதரசம் ஏறியது. விடாமல் திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளிக் கோடு கொஞ்சம் தாழ்ந்தே நின்றது. யாருடைய கையோ தோற்பதைப்போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அத்தை பக்கம் திரும்பினார். "ஊட்டுல இவங்ககிட்ட நீங்க என்னம்மா பாக்கறீங்க?"

நான் துணிப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"பேச்சுத்தானுங்க மொதல்ல போகுது" என்றார் அத்தை. "விடியால வார்த்தை முழுசா வருமுங்க. பொழுது ஏற ஏறக் கடைசியில தேஞ்சு போயிரும். அப்பறம் எடது காலு நெலத்துல இழுக்கும். அப்பப் படுக்கலீன்னா மறுநாளும் எந்திரிக்க மாட்டா. சோம்பேறின்னுதான் நானும் நெனச்சனுங்க. சோம்பேறிக்குக் காலு எதுக்குங்க இழுக்குது?"

என் கால் இழுப்பது எனக்கே தெரியாது.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இந்த அசதிக்கு மருந்து இல்லை, வெயிலில் நிற்க வேண்டாம், சோர்ந்து விழும் முன்பே படுத்துவிட வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டார் அத்தை. மலைகளுக்கு நடுவிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாமத் தூங்கு அம்மிணி. ஊரு வந்தா எழுப்பறன்."

தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒன்றில், பனைகள் ஒவ்வொன்றாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயின. தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அவர் அசையவில்லை.

நோய் போகவில்லை. சில வருடங்களில் கோல் ஊன்றினேன். ஆனால் அந்தக் கோடையிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் வெயிலுக்கு முன்பே முடிந்தது. நடுப்பகலில் யாராவது வந்து என்னைக் கேட்டால், "உள்ள படுத்திருக்கறாளுங்க" என்று அத்தை சாதாரணமாகச் சொல்வது அரைத்தூக்கத்தில் காதில் விழும்.