வாத்துக்குப் போன தவிடு

அரிசியை வெள்ளையாக்குவதுதான் அந்தக் காலத்தில் என் தொழில். ரங்கூனில், க்யிம்யிண்டைங் ஆற்றோரத்து மில் ஒன்றில் பாலீஷ் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். உமி நீங்கிய அரிசி பழுப்பாக மேலேயிருந்து இறங்கும். ஆட்டுத்தோல் போர்த்திய கூம்பு தடதடவென்று சுற்றி அதை உரசும். கீழே வந்து விழும்போது அரிசி கண்ணைப் பறிக்கும். உரசலில் உதிர்ந்த தவிடு வேறொரு குழாய் வழியாகச் சாக்கில் விழும். வாத்து வளர்க்கிற பர்மாக்காரர் ஒருவர் படகில் வந்து அள்ளிக்கொண்டு போவார். அதை நாங்கள் ஒரு சாமானாகவே நினைத்ததில்லை.

எனக்கு அப்போது மண்டைக்கனம் அதிகம். மூட்டை தூக்கத்தான் கப்பல் ஏறி வந்தேன். மிஷின் ஆள் ஆனதும் முதலில் தள்ளிவைத்தது புழுங்கல் அரிசியை. மில் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரும் அதைத்தான் பொங்கித் தின்றார்கள். என் வீட்டில் மட்டும் இரண்டு தடவை பாலீஷ் போட்ட பச்சரிசி. மனைவி அதை ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்த கஞ்சியை என் சட்டைக்குப் போடுவாள். மொடமொடவென்று சட்டை மாட்டிக்கொண்டு நான் தெருவில் நடப்பதைப் பார்த்தால் மில்லே என்னுடையது என்று நினைக்கத் தோன்றும்.

மகள் வயிற்றில் இருந்தபோது மனைவிக்குப் புழுங்கல் சோறுமேல் ஆசை வந்தது. ஒரு படி வாங்கி வரச் சொன்னாள். நான் எகிறிக் குதித்தேன். ரங்கூனிலேயே ஒசத்தியான அரிசி வீட்டில் இருக்க, கூலிக்காரச் சோறு கேட்கிறதா நாக்கு என்று கத்தினேன். அவள் வெள்ளை அரிசியையே உலையில் போட்டாள். பிள்ளை பெற்றதும் பத்தியம் வேறு. காய் கூடாது, பருப்பு கூடாது. வெள்ளைச் சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, அவ்வளவுதான். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள், பாதம் வீங்கியது. பிரசவ உடம்பு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்றாம் மாதத்தில் குழந்தை பால் கக்க ஆரம்பித்தது. பிறகு குரல் கம்மியது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், குழந்தை அழுகிறது. வாய் திறந்திருக்கிறது, முகம் சுருங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது. சத்தம் மட்டும் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. எங்களுக்கு முதலில் பிறந்த பையனும் இதே மூன்றாம் மாதத்தில், இதே மாதிரி சத்தமில்லாமல் அழுதுதான் போனான். கண்ணேறு என்றார்கள், காற்று சேஷ்டை என்றார்கள். மந்திரித்த கயிறு கையில் இருக்கும்போதே போய்விட்டான். இவளையும் விட்டுவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் பிறகு என்ன இருக்கிறது?

இந்தத் தடவை கயிற்றுக்குப் போகவில்லை. ரிக்‌ஷா பிடித்து, லத்தா பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த டாக்டரம்மாவிடம் ஓடினோம். பர்மாக்கார அம்மாள், கறார்ப் பேர்வழி. எல்லோரையும் போல நானும் அவரைப் பர்மா பாஷை மரியாதையில் ‘சயாமா’ என்றுதான் கூப்பிட்டேன். குழந்தையை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். பிறகு என் மனைவியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டார்.

பாருங்கள் என் கொழுப்பை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமைதான் வந்தது. “ஒசத்தி அரிசி, சயாமா. நானே என் கையால பாலீஷ் போட்டது” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார்: “குழந்தைக்கு வேண்டியது தவிட்டோடு போய்விட்டது. தாய்க்குக் கிடைக்காதது பாலில் எப்படி வரும்?”

அலமாரியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு குப்பியை எடுத்தார். தவிட்டை ஊறவைத்து வடித்து இறுக்கிய சாறாம். சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் நாக்கில் விட்டார். தாய்க்குப் புதுத் தவிடு வேண்டும், பூச்சி விழாதது, உடனே கொண்டு வா என்று என்னை விரட்டினார். தவிட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஏதோ இருக்கிறது, மனுஷனுக்கு அது துளிதான் வேண்டும், அது என்னவென்று பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

மில்லுக்கு ஓடினேன். வாத்துக்காரர் சாக்குகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் துண்டை விரித்து இரண்டு கையாலும் வாரி வாரிக் கட்டுவதைப் பார்த்து, நீ எத்தனை வாத்து வாங்கியிருக்கிறாய் என்று சிரித்தார். தவிடு வெதுவெதுவென்று இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். லேசாகத் தித்தித்தது. இத்தனை வருஷம் என் முழங்கை வரை அப்பியிருந்த தூசி, தினமும் குழாய்த் தண்ணீரில் கழுவி ஊற்றிய தூசி, தித்திக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் மருந்துக்கடை மாடிக்குத் திரும்பிப் போகும்போது உச்சிவேளை தாண்டியிருந்தது. மனைவி டாக்டரம்மாவின் அடுப்பிலேயே தவிட்டைக் கஞ்சியாகக் காய்ச்சி, மூக்கைப் பிடிக்காமல் ஒரு செம்பு குடித்தாள். குழந்தைக்கு மணிக்கொரு தரம் சாறு. வெயில் தாழ்வதற்குள் அதன் உதட்டில் நீலம் வடிந்து சிவப்பு ஏறியது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மூச்சு வாங்கி வாங்கித் துடித்த நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. குழந்தை என் துணியெல்லாம் நனைய மூத்திரம் பெய்தது. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எந்தக் கோயிலிலும் நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. மிஷின் வருஷக்கணக்காகச் சுற்றி மலையாகக் குவித்த வெள்ளை அரிசியில் இல்லாதது, வாத்துக்குப் போகிற சாக்கில் இருந்திருக்கிறது. யார் அதை அங்கே வைத்தது? நெல்லுக்குள் அரிசிக்கு ஒரு மெல்லிய சட்டை போட்டு, அதிலே உயிரை வைத்து அனுப்பியிருக்கிறான் ஒருத்தன். நான் மிஷின் வைத்து அதை உரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மகளுக்குக் குரல் மட்டும் உடனே வரவில்லை. இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மில் வேலைக்கு நான் போகவே இல்லை. நெல்லைப் புழுக்கினால் அந்தச் சத்து அரிசியிலேயே தங்கிவிடுமாம், டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய புழுங்கல் அரிசியில் சோறு வடிக்காமல் பொங்கினேன். தட்டாம்பயறு அவித்தேன். பத்தியத்தை முறிக்கிறானே பாவி என்று லைனில் பெண்கள் பேசியது காதில் விழுந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். மனைவி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். உள்ளே கரகரவென்று ஏதோ சத்தம். ஓடிப் பார்த்தால் மகள்தான். முதலில் பிசிறடித்தது, இழுத்தது, அப்புறம் ‘வீல்’ என்று கிளம்பியது. அண்டை வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிற அளவுக்கு ஒரு கத்தல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்பிள்ளை என்ற நினைப்பில்லாமல் அழுதேன்.

மனைவி அழவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, அப்ப நம்ம பெரியவனும் இதுலதான் போனானா?”

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிறவன் நான். இல்லை, அது வேற, அது கண்ணேறுதான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குழந்தையின் கத்தல் அதைச் சொல்ல விடவில்லை.

“ஆமா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மகள் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைச் சமாதானப்படுத்தவே இல்லை.