அக்கி எழுதின மூன்று நாள்

பாளையங்கோட்டையில் நான் ஆயா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், அம்மை கண்டவர்களுக்கென்று கடைசியில் ஒரு தனி அறை உண்டு. அந்த அறைக்குள் யாரை அனுப்புவது என்பதற்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. "ஒனக்கு வந்துட்டா?" என்று ஹெட் நர்ஸ் கேட்பார். வந்துவிட்டது என்றால் உள்ளே போகலாம், வரவில்லை என்றால் வாசலோடு சரி. எனக்குப் பதினோரு வயதில் சின்னம்மை போட்டிருந்தது. மூக்கோரத்தில் ஒரு தழும்பு இப்போதும் கிடக்கிறது. அதைப் பார்த்தே என்னைக் கேட்காமல் அனுப்பிவிடுவார்கள்.

கஞ்சி கொடுப்பது, வேப்பிலையால் வருடி விடுவது, துணி மாற்றுவது எல்லாம் என் பாடுதான். அதில் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. அம்மனுக்குச் செய்கிற ஊழியமாகத்தான் நினைத்துச் செய்தேன். ஒருதரம் ஒரு உடம்பில் இறங்கிப் போனவள் மறுபடி அந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். டாக்டர்மாரும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்கள். உடம்புக்குள் ஒரு காவல் உண்டாகிவிடும், அது ஆயுசுக்கும் நிற்கும் என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சாமியும் டாக்டரும் ஒரே பேச்சாகப் பேசும்போது நான் எதற்குச் சந்தேகப்படப் போகிறேன்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், என் மகள் தலைப்பிரசவத்துக்கு ஏரலில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவளுக்கு அம்மை வந்ததே இல்லை. அதனால் அவள் வந்த மறுநாளே ஹெட் நர்ஸிடம் போய், பிள்ளை பிறக்கிறவரைக்கும் என்னை அந்த அறைக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. "நீ அம்மனுக்கே அக்கா முறைல்லா, ஒனக்கு என்னட்டி பயம்?" என்றாள் ஒருத்தி. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன். தினமும் வேலை விட்டு வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் மகள் பக்கத்தில் போவேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து இருந்தேன்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு இடது விலாவில் எரிச்சல் கண்டது. இரண்டு நாளில் முதுகிலிருந்து முன்பக்கம் வரைக்கும் ஒரு பட்டையாகக் கொப்புளம் போட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் பார்த்த உடனே அக்கி என்று சொல்லிவிட்டார். அக்கி சூட்டினால் வருவது, அம்மை அம்மன் தருவது. இரண்டையும் சேர்த்து நினைக்க எங்களில் யாருக்குமே தோன்றாது. அக்கிக்கு டாக்டரிடம் போகிறவர்களும் அப்போது எங்கள் தெருவில் இல்லை. அது பானை செய்கிறவர் எழுதி ஆற்ற வேண்டியது.

காலையில் வெறும் வயிற்றோடு அவர் வீட்டுக்குப் போனேன். "ஆஸ்பத்திரிக்காரியே எங்கிட்ட வந்தாச்சா? அடுத்து ஒங்க டாக்டரையும் கூட்டிட்டு வந்துரு" என்று அந்த அண்ணாச்சி கேலி செய்தார். செங்காவியைக் குழைத்து, கோழி இறகைத் தொட்டு, கொப்புளத்தின்மேல் சிங்க உருவம் எழுதினார். மூன்று நாள் எழுத வேண்டும், அதுவரை குளிக்கக் கூடாது என்றார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். குளிக்காமல் மகள் பக்கத்தில் போகாதவள், அந்த மூன்று நாளும் குளிக்காமல் அவள் பக்கத்திலேயே கிடந்தேன்.

கொப்புளம் உடைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. இழுத்தால் உயிர் போகும். மகள்தான் நல்லெண்ணெய் தொட்டு வைத்து, பைய ஒவ்வொரு இடமாக எடுத்து விட்டாள். வயிற்றுப்பிள்ளையோடு குனியாதே என்று சொன்னேன். "நீ ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் செய்யுத. ஒனக்கு நான் செய்யக் கூடாதா? சும்மா இரும்மா" என்றாள். அந்தத் துணியையும் அவளே கசக்கிப் போட்டாள். நான் பெற்றது வீண் போகவில்லை என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அக்கி காய்ந்ததும் கோவிலுக்குப் போய் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் ஒரு முத்து. எத்தனை பேருக்குப் பார்த்த கண். இரண்டாவது முத்துக்காக நான் காத்திருக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினேன், அடுப்பில் தாளிப்பை நிறுத்தினேன். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள்வரைக்குமாவது வலி வராமல் இருக்கட்டும் என்று அம்மனிடம் கெஞ்சினேன். மூன்றாம் நாளே வலி வந்துவிட்டது.

நான் வேலை பார்த்த இடத்தில்தான் சேர்த்தோம். பெண் பிள்ளை. உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. தாயையும் பிள்ளையையும் அந்தக் கடைசி அறையில்தான் வைத்தார்கள், கூட இருக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஏழாம் நாள் பிள்ளையின் வயிற்றில் முத்து கண்டது. அப்புறம் மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டரம்மா தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். பத்தாம் நாள் மத்தியானம் போய்விட்டது. பேர்கூட வைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் மருமகனும் துணியில் சுற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டு போனார்கள்.

நான் அந்தச் சின்னத் துணிகளை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். வீட்டில், அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை கண்டதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். குனிந்து நிமிர்ந்ததில் என் சேலை விலகி, விலாவில் இருந்த கறுத்த தழும்பு தெரிந்திருக்க வேண்டும். இது என்ன என்றார்.

"அக்கிம்மா. எழுதி ஆறிட்டு."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எப்போது வந்தது, மகள் தொட்டாளா என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்ன வயசுல ஒனக்கு வந்தது போகலம்மா. நரம்புக்குள்ள ஒடுங்கிக் கெடந்திருக்கு. காவல் தளர்ந்ததும் அதுதான் அக்கியா வெளிய வந்திருக்கு. அந்தக் கொப்புளத் தண்ணி பட்டா, அம்மை வராதவங்களுக்கு அம்மையா வரும்." அம்மை கண்டு சில நாள் போயிருந்தால் தாய்க்கு உண்டாகிற காவல் பிள்ளைக்கும் சேர்ந்திருக்கும், அதற்குள் பிரசவம் ஆகிவிட்டது என்றார். என்மேல் குற்றமில்லை என்று இரண்டுதரம் சொன்னார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மகளைத் தள்ளி இருக்கச் சொல்லியிருப்பேனே என்றும் சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் காதில் நின்றது.

ஊரார் பிள்ளைகளின் அம்மைக்குப் பயந்து தினமும் குளித்தேன். என் விலாவில் இருந்ததைத் தேங்காய் உடைத்துக் கொண்டாடினேன்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். பாவம் கழியட்டும் என்று அவர் என்னைப் பாபநாசத்துக்குக் கூட்டிப் போனார். முங்கி முங்கி எழுந்தேன். தண்ணீர் குளிர்ந்து இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மகளிடம் சொல்லவில்லை. ஏரலுக்குப் புறப்படுகிற அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததாலதான் நானாவது பொழச்சேன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு ஏற்றுவதை நான் விடவில்லை. ஆனால் அம்மனிடம் எனக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

மூன்று வருஷம் கழித்து அவள் மறுபடியும் உண்டானாள். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டில்தான். கடைசி மாசம் வந்து கூட இரு, நீ இருந்தால்தான் எனக்குத் தைரியம் என்று கடிதம் போட்டிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். தாராளமாகப் போய் வா என்றார். இப்போது மகளுக்குத்தான் அம்மை வந்துவிட்டதே, அந்தக் காவல் பிள்ளைக்கும் போகும் என்றார்.

"அது எத்தனை வருஷத்துக்கு நிக்கும்மா?"

"நெறையப் பேருக்கு ஆயுசுக்கும் நிக்கும்."

"என் மகளுக்கு?"

ஒரு ஆளைக் காட்டிக் கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். என்னையும் அப்படிச் சொல்லித்தானே இத்தனை வருஷம் அந்த அறைக்குள் அனுப்பினார்கள். எனக்கு மறுபடி அக்கி வருமா என்று கேட்டேன். அபூர்வமாக வரலாம் என்றார்.

லீவு கிடைக்கவில்லை என்று மகளுக்குப் பதில் எழுதிப் போட்டேன்.

ஆண் பிள்ளை பிறந்தது, இருவரும் நலம் என்று மருமகன் சொல்லி அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது பிள்ளைக்கு ஐந்து மாசம் ஆகியிருந்தது. மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒனக்கு ஆஸ்பத்திரிதான் பெருசு" என்றாள். நான் ஆமா என்றேன். அப்படியே அவள் நினைத்துக்கொண்டு இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து, மனசு கேட்காமல் பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். பஸ்ஸில் வந்த உடம்பு, கைகால் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். கழுவிய பிறகும் அங்கனயே நின்றேன். உள்ளே அவள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கிற சத்தம் கேட்டது.