வடக்குச் சுவரோரம் ஈனிட்

எங்கள் ஊரில் பாதி வீடுகள் நான் கட்டியவை. பதினைந்து வயதில் செங்கல் சுமக்கப் போனவன். இந்த ரெஜ் டான்டி போட்ட கூரை ஒழுகாது என்று இன்று இங்கிலாந்தின் எங்கள் ஷ்ராப்ஷயர் வட்டாரம் முழுக்கச் சொல்வார்கள். ஊர் நடுவே நிற்கும் சர்ச் மட்டும் என் கை படாதது; எண்ணூறு வருஷத்துக் கல். அதன் சாவி ஈனிட் பர்ஸ்லோவிடம் இருந்தது.

ஈனிட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், சின்ன வயதில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். புருஷன் சிரில் போய்ச் சேர்ந்த பிறகு சர்ச்சுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தாள். பழைய சுவரோவியம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தால் திறந்துவிடுவாள். அண்ணாந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். "படி இருக்கு, பாத்து இறங்குங்க" என்பதுதான் சில நாட்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சு.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஊரே கைகோத்துச் சர்ச்சைச் சுற்றி நின்று, பாட்டுப் பாடி, அதைக் கட்டிப்பிடிப்பது எங்கள் வழக்கம். சின்ன வயதில் இரண்டு சுற்று நின்றிருக்கிறோம். போன வருஷம் ஒரு சுற்றுக்கே ஆளில்லாமல் கோட்டுகளைக் கழற்றி ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இடைவெளியை அடைத்தோம்.

ஆறு ஊர்ச் சர்ச்சுகளையும் ஒண்டியாகப் பார்க்கும் பாதிரியாரம்மா ரோவீனா சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் வட்டம் முழுசாகலேன்னா விட்டுடலாம், ஈனிட். பக்கத்து ஊர்ல ஆள் இருக்கு, அங்க வெச்சுக்கலாம்."

ஈனிட் வீடு வீடாகப் போனாள். நான் கட்டிய வீடுகளில் குடியிருக்கும் புதுசுகள் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"என் பேரைச் சொல்லியிருந்தா வந்திருப்பாங்க" என்றேன்.

"சொன்னேனே. நீ போட்ட சமையலறைக் கதவு இன்னும் சரியா மூடலையாம். நீ எப்ப வருவேன்னு கேட்டாங்க."

அந்த ஞாயிறன்று வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இடைவெளிக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் வேனிலிருந்து சாரக் கயிற்றை எடுத்து வந்தேன்.

"கயித்துக்குக் கையா இருக்கு? வண்டியில போடு, ரெஜ்" என்றாள்.

எங்களை ஆளுக்கொரு மூலையில் எட்ட எட்ட நிறுத்தினாள். "ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நில்லுங்க. பாட்டு முடியுற வரைக்கும் இறக்கக் கூடாது." தான் மட்டும் வெயிலே படாத, காஞ்சொறி மண்டிய வடக்குப் பக்கம் போனாள்.

பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒற்றைக் குரலாக வந்தது. ஈனிட்டின் குரல் மட்டும் கேட்கவில்லை. என் இடத்தை விட்டுப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி, இருபுறமும் கைகளை விரித்து, முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கெட்டும் தூரத்தில் யாருமில்லை. ஒரு கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

"இங்க என்னடா பண்றே?"

"தனியா நிக்கிறியே."

"நீ இங்க வந்துட்டா அந்த மூலையில யாரு நிப்பா? வட்டம் அறுந்துடும். போ."

நாற்பது பேரை வேலை வாங்கியவன் நான். என்னைப் போ என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. போனேன். கைகளை விரித்து நின்றேன்.

பாட்டு முடிந்ததும் பாதிரியாரம்மா சுற்றி வந்தார். "வட்டம் முழுசாச்சா?"

"முழுசாச்சு!" என்று வடக்கிலிருந்து ஈனிட்டின் குரல்.

பாதிரியாரம்மா காலியாகக் கிடந்த நீளச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுவரு கட்டியே தலை நரைச்சவன் சொல்றேன், எங்கயும் இடைவெளி இல்ல" என்றேன்.

"அப்போ அடுத்த வருஷமும் இங்கதான்" என்றவர், அடுத்த ஊர் ஆராதனைக்கு நேரமாகிவிட்டதென்று காரை எடுத்தார். வந்தவர்களும் கலைந்தார்கள். ஈனிட் சர்ச்சைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.