கறுப்பு அட்டைப் புத்தகம்

பாறசாலைப் பக்கம் கல்யாணமானாலும் சாவானாலும் பந்தலும் நாற்காலியும் ராபின்சனுடையவைதான். சாவு வீட்டில் அவர் நின்றால் போதும், சொந்தக்காரர்கள் நிம்மதியாக அழலாம். மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் பெற்ற தாயின் அடக்கத்தில் கோட்டை விட்டார்.

அம்மா ஞானபாய் மிஷன் சபையின் வாசகசாலையைப் பெருக்கித் துடைத்தவள். அதை மூடியபோது சில புத்தகங்கள் அவளோடு வீட்டுக்கு வந்தன. போன மழைக்காலத்தில் அவள் இறந்ததும், தலைமாட்டில் கிடந்த கறுப்பு அட்டை பைபிளை ராபின்சன்தான் எடுத்து, சபை வழக்கப்படி அவள் கையில் வைத்துப் பெட்டியை மூடினார்.

சென்ற மாதம் நெய்யாற்றின்கரையிலிருந்து சிபி வந்தான். முதல் பதிப்புகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறவன்.

"சுந்தரதாஸுன்னு ஒருத்தர், அண்ணா. அந்தக் காலத்துல மெட்ராஸுல ரெண்டு சினிமாவுக்கு கதை எழுதினவர். படம் ஓடல்ல, பேரும் நிக்கல்ல. அதுக்கு முன்ன ஒரு நாவல் போட்டாரு. ஒரு பிரதி உங்க வாசகசாலையில இருந்துதாம், அங்கத்த புத்தகம் இப்போ உங்க வீட்டுலன்னு கேட்டேன். கறுப்பு அட்டை."

அங்கே பைண்டு செய்தவர் பைபிள், பாட்டுப் புத்தகம், நாவல் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்புத் துணியைத்தான் ஒட்டியிருந்தார். ராபின்சன் அலமாரியில் மிச்சமிருந்த கறுப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். சிபி திறந்தான். ஆதியாகமம். மேலே ஞானபாயின் பெயர்.

அப்படியானால் அம்மாவோடு பெட்டிக்குள் போனது நாவல். சிபியை எப்படி அனுப்பினார் என்று அவருக்கே நினைவில்லை.

அதிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அம்மா சினிமாக்காரனின் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்க பைபிள் எங்கலே மக்கா?" என்று கேட்டாள். பிறர் வீட்டு அடக்கத்தில் பெட்டியை மூடுமுன் பைபிளைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் மனைவி ஓமனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

ஓமனா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "மாமி சாயங்காலம் மடியில வச்சு வாசிக்கது தலைமாட்டுல கெடந்த அந்த புத்தகமாக்கும். வாசிக்கும்போ தனியா சிரிக்கும். பைபிள் வாசிச்சு ஆராவது அப்பிடி சிரிக்குமா?"

அம்மா சிரித்து ராபின்சன் பார்த்ததே இல்லை. பயம் போன இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்தது; அது பயத்தைவிடப் பொல்லாதது. எந்தப் பக்கத்தில் சிரித்தாள்? சிபிக்குப் போன் போட்டார்.

"தம்பி, எனக்கு அந்தக் கதைய வாசிக்கணும். வேற பிரதி கெடைக்குமா?"

"வேற இருந்தா நான் ஏன் அண்ணா உங்க வீட்டுக்கு வாறேன்?"

குடும்பக் கல்லறையை அடுத்த ஆள் போகும்போதுதான் திறப்பார்கள். அதற்குள் ஈரம் காகிதத்தைத் தின்றுவிடும் என்பது ராபின்சனுக்குத் தெரியாதா? அடுக்களையில் ஓமனா இருமினாள். இவள் சீக்கிரம் போனால் படிக்கக் கிடைக்கும் என்று அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது. ராபின்சன் தன்னைக் கண்டே நடுங்கிப்போய், போனைக் கையில் பிடித்தபடி நின்றார்.