குதிரை ஏறிய பிள்ளைகள்

அங்காயியை அடித்து அடக்கிவிடலாம் என்று நினைத்தவர்கள் யாரும் முழு உடம்போடு வீடு திரும்பியதில்லை. இலங்கையில் பசறைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் கடைசியில் இருந்தவள். வம்புக்கு வந்தால் முதலில் கடிப்பாள், பிறகுதான் பேசுவாள். அவளை நல்லவள் என்று சொல்ல நான் வரவில்லை. நல்லவளாக இருக்க அந்தத் தோட்டத்தில் அவளை யார் விட்டார்கள்?

அவள் புருஷன் செத்தது பெரட்டுக்களத்தில். விடிந்ததும் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம் அது. பெரிய கங்காணி வந்து நின்றால் ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அன்று அவள் புருஷனுக்குக் காய்ச்சல். குளிர் தாங்காமல் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தான், எடுக்கவில்லை. கங்காணி பிரம்பு முறியும் மட்டும் அடித்தான். முறிந்ததும் தலையில் ஏறி மிதித்தான். காதால் ரத்தம் வந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காய்ச்சலில் செத்தான் என்று எழுதி முடித்தார்கள், பாவிகள்.

மகன் தர்மலிங்கம் அப்போது தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். மீசை முளைத்ததும் ஒரு நாள் அதே களத்தில் மண்வெட்டிக் காம்பால் கங்காணியின் வாயில் போட்டான். இரண்டு பல் தெறித்தது. பிடிபட்டால் உயிரோடு விடமாட்டார்கள். ஓடிப்போய்ப் பதுளையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் பேர் கொடுத்தான். வெள்ளைக்காரன் சண்டைக்குக் கப்பலேறி அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போனான், சுடுவதற்கு அல்ல, பட்டாளத்துக்குக் கக்கூஸ் குழி வெட்டுவதற்கு. அங்கே குண்டு விழுந்தது. புதைக்க ஒரு காலும் கொஞ்சம் சட்டைத் துணியும்தான் கிடைத்தன என்று கூடப் போனவன் திரும்பி வந்து சொன்னான். அங்காயி அவனை ஓங்கி அறைந்தாள். பிறகு அவனையே கட்டிக்கொண்டு அழுதாள்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. விளிம்பில் வெட்டியிருந்த மகன் பேரைப் பசறைக் கடைக்கார மர்ஸூக் முதலாளிதான் வாசித்துக் காட்டினார். ஒரு பக்கம் ராஜா தலை. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வாலிபன், கையில் கத்தி. குதிரைக் காலடியில் ஒரு மண்டையோடு. லயத்துச் சனத்துக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? குதிரையும் கத்தியும் இருந்தால் அது மதுரை வீரன். அடிபட்டுச் செத்தவன் சாமியாவான் என்பதும் எல்லாரும் அறிந்ததுதான். தர்மலிங்கம் வீரனோடு சேர்ந்துவிட்டான் என்று அங்காயி முடிவுகட்டி, லயத்துக்குக் கீழே பலாமரத்தடியில் இருந்த மதுரை வீரன் கல்லில் பதக்கத்தைக் கட்டினாள். அந்த மண்டையோடு கங்காணியுடையது என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாக நடந்தாள். ஸ்பிரிங்வெளி வரை போய், சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எது என்று விசாரித்துப் பதக்கத்தைக் கேட்டாள். ஒருத்தி அழுதுகொண்டே கொடுத்தாள். ஒருத்தி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். அவளோடு குடுமிப்பிடிச் சண்டை. பதுளையில் ஒரு தட்டான் இன்னொரு பதக்கத்தை உருக்கக் குறட்டில் பிடித்திருந்தான். அவன் சுத்தியலையே எடுத்து அவன் முழங்கையில் போட்டாள். அப்படி நாலு சேர்ந்தது. சேவல் கிடைத்த செவ்வாய்களில் கழுத்தை அறுத்து நாலு குதிரைக்கும் ரத்தம் தெளிப்பாள். மிதிங்கடா, நல்லா மிதிங்க என்பாள். யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கங்காணி கேள்விப்பட்டுச் சிரித்தான். பிறகு அவனுக்குத் தலைவலி வந்தது. குளம்புச் சத்தம் கேட்கிறது என்று பெண்டாட்டியை உலுக்கி எழுப்பினான். தாயத்தும் பலிக்கவில்லை. கடைசியில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போய், கூலிப் பெண்டுகள் ராஜா தலையில் கோழி ரத்தம் பூசுகிறார்கள் என்று வத்தி வைத்தான். துரைக்கு முகம் சிவந்தது. எல்லாவற்றையும் பறித்து வா, பங்களாச் சுவரில் கண்ணாடிக்குள் மாட்டலாம் என்று உத்தரவு போட்டார்.

ஒரு மத்தியானம் கங்காணி ஆட்களோடு வந்தான். அங்காயி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கல்லுக்கு முன்னால் நின்றாள். முதலில் கிட்டே வந்தவனுக்குத் தோளில் வெட்டு. மற்றவர்கள் கத்தியைத் தட்டிவிட்டு அவளைக் கீழே தள்ளினார்கள். கங்காணி அவள் வலது கையில் பூட்ஸ் காலோடு ஏறி நின்றான். விரல்கள் முறிந்தன. பிறகு குனிந்து, தன் இரண்டு பல்லுக்காக, பல் உதிரும் வரை அவள் வாயில் குத்தினான்.

பதக்கங்களை அவிழ்க்கச் சொன்னபோது ஆட்கள் ஒருவனும் அசையவில்லை. வெட்டுப்பட்டவன் தோளைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "நீங்களே எடுங்க கங்காணியாரே. நாங்க புள்ளகுட்டிக்காரங்க."

கங்காணி கை நீட்டினான், இழுத்துக்கொண்டான். காற்றில் நாலு பதக்கமும் ஒன்றோடொன்று மோதின. துரையிடம் வெறுங்கையோடு போகவும் முடியாது. பூட்ஸைக் கழற்றினான். தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். கை கூப்பி, தர்மலிங்கத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

லயமே பார்த்தது. அங்காயி வாய் நிறைய ரத்தத்தோடு தலையை நிமிர்த்தினாள். "இந்தத் துண்டுக்குத்தானே எம் புருஷனக் கொன்ன? இப்ப எம் மவன் முன்னுக்கு இறக்கிட்ட. இனி எடுத்துட்டுப் போ."

பதக்கங்கள் பங்களாவுக்குப் போயின. ராஜா தலை வெளியே தெரியும்படி மாட்டினார்களாம். அவள் போய்ப் பார்க்கவில்லை. மற்றத் தாய்மார் வந்து ஏசினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெட்டியதற்காகப் பதுளைச் சிறையில் சில மாதம் கிடந்தாள். கொழுந்து பறிக்க ஆள் தட்டுப்பாடு என்று தோட்டத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நிமிராத விரல்களோடு முதல் நாள் பெரட்டில் வந்து நின்றாள். பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்த கங்காணி அவளைக் கண்டான். அவன் கை தானாகத் தோளுக்குப் போய், துண்டைப் பாதி இறக்கிவிட்டு, அப்படியே நின்றது.