ஒன்பதில் தொடங்கிய பெட்டி

மறைமலை நகர் கம்பெனியில் ஸ்டோர் வேலைக்கு ஆள் எடுத்தவர், பேனா மூடியால் காது குடைந்துகொண்டே பேசினார். எனக்கு முன்னால் நின்ற பம்மல் அக்காவிடம் பெட்டிகளை எண் வரிசையில், சிறியது முதலில் வரும்படி அடுக்கச் சொன்னார். அக்கா 1,02,340-க்கு அப்புறம் 98,765-ஐ வைத்தார்.

“ஏம்மா, இதுவா பெருசு?”

“ஒம்போதுல ஆரம்பிக்குதே சார்.”

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். “மொதல்ல எத்தனை இலக்கம்னு எண்ணு. இது அஞ்சு, அது ஆறு. ஆறுதான் பெருசு. இலக்கம் சமமா இருந்தாத்தான் மொத நம்பரைப் பாக்கணும்.”

அக்கா எல்லாப் பெட்டிகளையும் மாற்றி அடுக்கினார். “இப்ப சரியா கீதுங்களா சார்?”

“ரொம்ப சரி. வேலை இல்ல, கெளம்பு.”

பள்ளியில்கூட யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. அனுப்பத்தான் போகிறார் என்றால் எதற்காகச் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.