பென்குவினுக்குக் குரல் கொடுத்தேன்

படம் காட்டுகிற தொழிலுக்கு முதல் தேவை இருட்டு. அதைத் திருச்சி வெயிலில் பகல் பதினோரு மணிக்கு உண்டாக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. அறுபதுகளின் தொடக்கத்தில் கல்விப் படம் காட்டும் வேன் ஒன்றில் எனக்கு வேலை. பள்ளிக்கூடமோ மாதர் சங்கமோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஜன்னல்களில் கம்பளி கட்டி, கதவைச் சாத்தி, உள்ளே இருப்பவர்களை அவித்து எடுப்போம். படம் இங்கிலீஷில் பேசும். நான் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கில் தமிழில் சொல்வேன். எங்களிடம் அதிகம் ஓடியது தென்துருவத்துப் பென்குவின் படம். ஐஸ் என்றால் சர்பத்தில் மிதப்பதை மட்டுமே பார்த்தவன் நான். வெயிலோடும் வேலையோடும் மல்லுக்கட்டிய உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

தென்னூரில் பனிக்காற்று

தென்னூர் மாதர் சங்கத்தில் சித்திரை மாதம். நாற்பது பெண்கள், ஒரே ஒரு மின்விசிறி. திரையில் பனிப்புயல் வீச ஆரம்பித்தது. வெள்ளை வெளியில் கறுப்புக் கறுப்பாகப் பறவைகள் அலகைத் தாழ்த்தி நின்றன. அவற்றின் இறகு ஓடு வேய்ந்ததுபோல் நெருக்கமானது, அதற்கடியில் கனத்த கொழுப்பு, அதனால் குளிர் உள்ளே இறங்காது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பேசப் பேச நான் எங்கோ போய்விட்டேன். வேறு யாரோ பேசுவதுபோல என் குரலே தூரத்தில் கேட்டது. பக்கத்தில் பார்த்தால் முன்வரிசைப் பெண் ஒருத்தி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டிருந்தாள். படம் முடிந்து கம்பளியை அவிழ்த்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அவள் எழுந்திருக்காமலே சொன்னாள்: "அந்தக் காத்து வீசுற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க, வீட்டுக்குப் போயி அடுப்படியில நிக்கணும்."

தாய்ப்பாசம்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பென்குவின் முட்டையைக் கால்மேல் வைத்து வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு, இரண்டு மாதம் சாப்பாடில்லாமல் நிற்கும். படத்தில் பேசும் வெள்ளைக்காரரின் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். முட்டையைக் காப்பது தாயாகத்தானே இருக்க வேண்டும் என்று நானாக முடிவுகட்டி, தாய்ப்பாசத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். பல கண்கள் கலங்கின.

ஒரு வருஷம் கழித்து, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஒருவர் படம் முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்து, நிற்பது அப்பா, அம்மா கடலுக்கு இரை தேடப் போயிருக்கிறாள் என்றார். அடுத்த வாரமே தென்னூரில் திருத்திச் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "தம்பி, ஆம்பளை ரெண்டு மாசம் ஒரே இடத்துல நின்னான்னா, அது படத்துலதான் நடக்கும்."

தூளி

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில மாதங்களில் என் மனைவி கமலத்துக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்தது. வெளியூர், ஹாஸ்டல், குழந்தைக்கு அங்கே அனுமதி இல்லை. எங்கள் மகள் வசந்திக்கு அப்போது எட்டு மாதம். முதல் லீவு இரண்டு மாதம் கழித்துத்தான். கமலம் போகத் தயங்கினாள். போய்ப் படி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

வசந்தியும் வேனில் வர ஆரம்பித்தாள். புரொஜக்டருக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் தூளி கட்டிவிடுவேன். டிரைவர் காதர் பாய் ஒரு கையால் ஆட்டுவார். மெஷின் கரகரவென்று ஓட, ஒளிக்கற்றையில் தூசி மினுங்க, பனி வெளிச்சம் தூளித் துணிமேல் அலையும். அவள் தூங்கும்போது அந்த இருட்டை விட்டு வெளியே வரவே எனக்கு மனம் வராது. என் குரல் கேட்டுத்தான் தூங்குகிறாள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். காதர் பாய் ஆட்டுவதை நிறுத்தவில்லை: "பாப்பா தூங்கறது மெஷின் சத்தத்துக்கு ஸார், உங்க பேச்சுக்கு நடுநடுவே முழிச்சுக்குது."

வையம்பட்டி மச்சான்

கமலத்தின் அண்ணன் வையம்பட்டியில் மானாவாரி விவசாயம். அங்கே பள்ளிக்கூடத்தில் படம் காட்டியபோது முன்னால் வந்து உட்கார்ந்தார். அதுவரை மழை இல்லாத வருஷம். கண்ணுக்கு எட்டியவரை பனியைப் பார்த்தவர், "இத்தனை தண்ணியும் கட்டியா நிக்குதே, உருக்கி விட ஒரு ஆளு இல்லையா?" என்று கேட்டார்.

பிறகு தூளியை எட்டிப் பார்த்தார். வசந்தி அந்த வாரம் காய்ச்சலில் கொஞ்சம் இளைத்திருந்தாள். மச்சானின் முகம் மாறியது. கோபமில்லை, தங்கை மகள்மேல் உள்ள கவலை. அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று சொன்னார்: "கமலம் லீவுக்கு வரப்ப நானும் வரேன் மாப்ளே, புள்ள தேறலைன்னா அவ படிச்சது போதும்."

ஸ்ரீரங்கம்

கமலம் வரும் நாளன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு பாடசாலைக் கூடத்தில் படம். ஸ்டேஷனிலிருந்து மச்சானே அவளை அங்கே கூட்டிவருவதாக ஏற்பாடு. பறவைகள் நெருக்கியடித்து நின்று குளிர் காய்வதையும், உள்ளே சூடேறியது மெல்ல வெளியே வர, வெளியே நின்றது உள்ளே போவதையும் விளக்கினேன். கோயில் கைங்கரியத்தில் இருக்கும் ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார்: "வைகுண்ட ஏகாதசியன்னிக்குச் சன்னிதி உள்ளே போனவா இப்படித் தானா வெளியே வந்துட்டா, நாங்க ஏன் ஓய் தொண்டை கிழியக் கத்தறோம்?"

குரல்

அதே கூடம், படத்தின் கடைசி ரீல். கடலுக்குப் போன தாய்ப் பறவைகள் கூட்டமாகத் திரும்பிவரும் இடம். ஆயிரம் பறவைகள் ஒன்றுபோலவே இருந்தாலும், குரலை வைத்தே குடும்பம் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் என்று மைக்கில் சொன்னேன். அப்போதுதான் கதவு திறந்து மூடியது. கமலம் தூளிக்குப் பக்கத்தில் போய், "வசந்திக் கண்ணு" என்று கூப்பிட்டுக் குழந்தையை எடுத்தாள்.

வசந்தி வீறிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. கமலம் என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினாள், அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு ஓடினேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவி, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு நொடியில் அடங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"என்னை மறந்துட்டாண்ணா. நான் திரும்பிப் போகலே" என்றாள் அண்ணனிடம். திரையில் பறவைகள் சத்தமில்லாமல் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மச்சான் வசந்தியின் காலைப் பிடித்துத் தொடையை அழுத்திப் பார்த்தார், கன்றுக்குட்டி வாங்கப் போனவர் மாதிரி. சதை போட்டிருந்தது. அப்புறம் என் தோளில் அவள் கை இறுக்கிப் பிடித்திருந்ததையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மறந்தா மறந்துட்டுப் போறா, ஒரு வாரத்துல பழகிக்குவா. இப்படிப் பிடிச்சுக்கிட்டிருக்கறவளை யாரு பிரிக்கறது? நீ போயி படிச்சு முடிச்சுட்டு வா."

இரண்டு வருஷத்தில் கமலம் முதல் வகுப்பில் தேறினாள். பிள்ளையோடு நின்ற எனக்கு மட்டும் இன்றுவரை யாரும் சர்ட்டிபிகேட் தரவில்லை.